அலெக்சாண்ட்ரியா நூலகத்தை 9–12 வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லலாம்? (பெங்களூர் ஞாயிறு வகுப்பு)

கேள்வி: ஹொரமாவு வகுப்பு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் அடுத்த மாதம் இரண்டு அமர்வுகளைப் பழங்கால நூலகத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஒவ்வொன்றும் 90 நிமிடம். 18 பிள்ளைகள். பேச்சுத் தமிழ் நன்றாகப் புரியும், வாசிப்புதான் மெதுவாக வரும். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிப்பவர்கள்.

எகிப்தின் துறைமுக நகரமான அலெக்சாண்ட்ரியாவில் தாலமி என்ற பெயருடைய மன்னர்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அமைத்த நூலகத்தை எடுக்கலாம் என்று எண்ணம். மூன்று விஷயத்தில் தெளிவு வேண்டும்.

எத்தனை புத்தகம் இருந்தது? ஓரிடத்தில் 40,000, இன்னோரிடத்தில் 7 லட்சம் என்று பார்த்தேன். பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

எரித்தது யார்? முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

கையால் ஏதாவது செய்ய வைக்க வேண்டும். பேப்பரை டீயில் நனைத்து, ஓரத்தை மெழுகுவத்தியில் கருக்கி, சுருட்டி வைக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அது சரியான முறையா? இங்கே கிடைக்கும் பொருளில் வேறு வழி இருந்தால் அளவோடு சொல்லுங்கள்.

பதில் 1: சுருள் ஏடு

டீயையும் மெழுகுவத்தியையும் முதலில் விட்டுவிடுங்கள் மேடம். பிள்ளைகள் கையில் நெருப்பு ஆபத்து என்பது ஒரு பக்கம், விஷயமே தப்பு என்பது இன்னொரு பக்கம். புது பாப்பிரஸ் (அன்று எழுதப் பயன்பட்ட செடித்தாள்) வெளிர் நிறத்தில், கிட்டத்தட்ட தந்த நிறத்தில் இருக்கும். நாம் படத்தில் பார்க்கும் பழுப்பு, 2,000 ஆண்டு மண்ணில் கிடந்ததால் வந்தது. அன்று நூலகத்துக்குள் போனவர் கண்ணுக்கு அது புது நோட்டு மாதிரிதான் தெரிந்திருக்கும்.

பாப்பிரஸ் எது என்று சொல்ல நமக்கு நல்ல வழி இருக்கிறது. பாய் நெய்யும் கோரைக்கு அது பெரிய அண்ணன். இரண்டும் சைபெரஸ் என்ற ஒரே பேரினம். 4, 5 மீட்டர் உயரம் வளரும், தண்டு முக்கோணமாக இருக்கும். நர்சரியில் ‘அம்ப்ரெல்லா பாம்’ என்று விற்கும் தொட்டிச் செடியும் இந்தப் பேரினம்தான். அதன் தண்டு ஒன்றை வெட்டி, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைக் காட்டுங்கள். எகிப்தில் அந்தச் சதையைத்தான் மெல்லிய பட்டைகளாகச் சீவி, ஒரு அடுக்கை நெட்டாகவும் அதன்மேல் இன்னொரு அடுக்கைக் குறுக்காகவும் பரப்பி, அழுத்திக் காயவைத்து, சங்கோ தந்தமோ கொண்டு தேய்த்து வழவழப்பாக்கினார்கள்.

ஒரு தாள் ஒரு புத்தகம் ஆகாது. தாளோடு தாள் ஒட்டி நீட்டுவார்கள். கடைச்சரக்காக விற்ற ஒரு சுருளில் 20 தாளுக்கு மேல் இருக்காது என்று ரோமானியர் பிளினி எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் பசையும் நம் வீட்டுப் பசைதான்: மாவு, கொதிநீர், கொஞ்சம் வினிகர். ஆகவே வகுப்பு முழுவதும் சேர்ந்து 20 தாளில் ஒரே ஒரு சுருள் செய்யுங்கள். ஆளுக்கொரு குட்டிச் சுருள் வேண்டாம். குட்டிச் சுருளில் இந்த விஷயத்தின் அருமையும் தெரியாது, தொல்லையும் தெரியாது.

வேண்டியது: 80 ஜிஎஸ்எம் கிரீம் நிற ஏ4 தாள் 20 (அவென்யூ ரோடு பேப்பர் கடைகளில் கேளுங்கள், கூடுதலாக 5 வாங்கிக்கொள்ளுங்கள்). மைதா 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 200 மி.லி., வினிகர் அரைத் தேக்கரண்டி. மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றி, 3, 4 நிமிடம் கிண்டினால் வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி வரும். அப்போது இறக்கி வினிகர் சேர்த்து ஆறவிடுங்கள். முந்தின நாள் இரவே காய்ச்சி ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

தாளை நெடுக்காக நிறுத்தி, 1.5 செ.மீ. மேலேற்றி ஒட்டுங்கள். இடத் தாளின் ஓரம் மேலே, வலத் தாளின் ஓரம் அடியில். இடமிருந்து வலமாக எழுதும்போது பேனா படி இறங்குவதுபோல வழுக்கிப் போகும். மாற்றி ஒட்டினால் ஒவ்வொரு ஒட்டிலும் முள் தட்டி நிற்கும். கிரேக்கச் சுருள்களும் இப்படித்தான் ஒட்டப்பட்டன. 20 தாளும் சேர்ந்தால் 391.5 செ.மீ. வரும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். 20 தாளுக்கு ஒட்டு 19 என்பதில்தான் பாதிப் பேர் தவறுவார்கள்.

எங்கே கெடும் என்றால், சாய்வில். ஒவ்வொரு ஒட்டிலும் 1 மி.மீ. சாய்ந்தாலே போதும், முடிவில் சுருட்டும்போது கூம்பாகிவிடும். தரையில் நூலை இழுத்துக் கட்டி, கீழ் ஓரத்தை அதன்மேல் வைத்து ஒட்டுங்கள். நான்கு நான்கு தாளாக ஐந்து குழு ஒட்டி, பிறகு ஐந்தையும் இணைப்பது நல்லது. பசை அதிகமானால் தாள் சுருங்கி அலையலையாகும். ஒட்டும் இடம் தவிர மற்றதைக் கழிவுத் தாளால் மூடிவிட்டுத் தடவுங்கள். அரை மணி நேரம் மேலே பாரம் வையுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது.

ஒட்டிய பிறகுதான் எழுத வேண்டும். 7 செ.மீ. அகலத்துக்குப் பத்தி, நடுவே 2 செ.மீ. இடைவெளி. பத்தி ஒட்டின்மேல் ஏறிப் போகலாம், அன்றும் அப்படித்தான் போனது. முதல் தாளை எழுதாமல் விடுங்கள். கைபட்டுக் கிழிவது அந்த வெளித்தாள்தான்.

சொற்களுக்கு நடுவே இடம்விடாமல் எழுதச் சொல்லுங்கள். கிரேக்கர் அப்படித்தான் எழுதினார்கள். நம் ஓலைச்சுவடியிலும் இடைவெளி கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் கிடையாது. புள்ளி குத்தினால் ஓலை ஓட்டையாகும். பலகையில் ‘கபபலவநததுபெடடியைததிற’ என்று எழுதி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று பேர் சத்தம்போட்டுப் படித்தபின் ‘கப்பல் வந்தது, பெட்டியைத் திற’ என்று பிடித்துவிடுவார்கள். வாய்விட்டுப் படித்தால்தான் சொல் பிரியும் என்பது அப்போது புரியும்.

கடைசியில் ஒரு போட்டி. அதே பத்திகளின் நகலை ஒரு நோட்டிலும் வைத்துக்கொண்டு, ஒரு வரியைச் சொல்லி, ஒரு குழு சுருளிலும் மறு குழு நோட்டிலும் தேடட்டும். சுருளில் தேடுவது எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரம் காட்டும். படித்து முடித்தபின் முழுச் சுருளையும் திரும்ப முன்பக்கத்துக்குச் சுற்றும் வேலையும் இருக்கிறது. அதைச் செய்யாமல் வைத்தால் அடுத்தவருக்குக் கடைசிப் பத்திதான் கையில் வரும்.

பதில் 2: முதற்குறிப்பு

எண்ணிக்கை பற்றி. பழைய எழுத்தாளர்கள் சொன்ன எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 40,000 என்பது ஜூலியஸ் சீசர் காலத் தீயில் எரிந்ததாக ரோமானியத் தத்துவ அறிஞர் செனெக்கா சொல்வது. 7 லட்சம் என்பது ரோமானிய எழுத்தாளர் ஔலஸ் கெல்லியஸ் சொல்வது, அவர் நூலகம் தொடங்கி 400 ஆண்டுக்குப் பிறகு வாழ்ந்தவர். யாரும் கண்ணால் பார்த்து எண்ணி எழுதியதில்லை. பிள்ளைகளிடம் இரண்டு எண்ணையும் கொடுத்து, சொன்னவர் எந்தக் காலத்தவர் என்பதையும் கொடுங்கள். ஒரே எண்ணைச் சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பது சரியில்லை.

அதைவிட முக்கியம், இவை சுருளின் எண்ணிக்கை, புத்தகத்தின் எண்ணிக்கை அல்ல. ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட் ஒரு நூல், ஆனால் 24 பகுதி. பகுதிக்கு ஒரு சுருள் என்று வைத்தால் 24 சுருள். அதற்கே மூன்று பிரதி இருந்தால் 72. இப்படி வகுத்துப் பார்த்தால் லட்சம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று தெரியும்.

இனி என் மனதுக்கு நெருக்கமான பகுதி: அவ்வளவு சுருளில் வேண்டியதை எப்படித் தேடி எடுத்தார்கள்? அலெக்சாண்ட்ரியாவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், தீயை அல்ல.

சுருளை அடுக்கில் படுக்க வைப்பார்கள். நுனியில் பெயர் எழுதிய சின்னச் சீட்டு வெளியே தொங்கும். கிரேக்கத்தில் அதற்கு சில்லிபோஸ் என்று பெயர். முதல் நூலகர் செனோடோட்டஸ் பெயர்களை அகரவரிசையில் அடுக்கியவராக அறியப்படுகிறார். அதன்பின் கவிஞர் கல்லிமாக்கஸ் ‘பினாக்கஸ்’ என்ற பட்டியலை உருவாக்கினார். அதுவே 120 சுருள். காவியம், நாடகம், சட்டம், வரலாறு, மருத்துவம் என்று வகை பிரித்து, ஒவ்வொரு ஆசிரியருக்கும் பெயர், தந்தை பெயர், ஊர், எழுதிய நூல்கள். ஒவ்வொரு நூலுக்கும் தொடக்க வரி, மொத்த வரி எண்ணிக்கை.

தந்தை பெயரும் ஊரும் எதற்கு? ஒரே பெயரில் பலர் இருந்ததால். நம் சங்கப் புலவர் பெயரைப் பாருங்கள்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், தந்தை, பெயர் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் விளக்கமே தேவையில்லை.

தொடக்க வரி எதற்கு? அப்போது பல நூல்களுக்குத் தலைப்பு நிலையாக இல்லை. முதல் வரிதான் அடையாளம். தமிழ்ப் பதிப்புகளின் கடைசியில் வரும் ‘பாட்டு முதற்குறிப்பு அகராதி’யும் இதே வேலையைச் செய்கிறது. ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வரி எண்ணிக்கை இருந்தால், பிரதி எடுத்தவர் நடுவில் எதையாவது விட்டுவிட்டாரா என்று பார்க்கலாம். எழுதியவருக்குக் கூலியும் வரிக்கணக்கில்தான். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 301இல் வெளியிட்ட விலைப்பட்டியலில் முதல்தர எழுத்துக்கு 100 வரிக்கு 25 டெனாரி (ரோமானியக் காசு) என்று இருக்கிறது.

செய்முறை: ஆளுக்கு மூன்று அட்டை. வீட்டில் உள்ள மூன்று தமிழ்ப் புத்தகங்களுக்குக் கல்லிமாக்கஸ் முறையில் பதிவு எழுதி வரட்டும். முதல் வரியை ‘…’ போட்டுச் சுருக்க வேண்டாம், முழுதாக எழுத வேண்டும். 54 அட்டையும் வந்ததும் வகை பிரிக்கச் சொல்லுங்கள். சமையல் குறிப்பை எங்கே வைப்பது என்று சண்டை வரும். அந்தச் சண்டை நடக்கட்டும். கல்லிமாக்கஸும் எதிலும் அடங்காததற்கென்று தனியாக ஒரு வகை வைத்திருந்தார்.

சேகரித்த விதமும் பிள்ளைகளைக் கட்டிப்போடும். துறைமுகத்துக்கு வரும் கப்பலில் இருக்கும் சுருள்களை வாங்கி, பிரதி எடுத்து, மூலத்தை நூலகத்தில் வைத்துக்கொண்டு பிரதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவற்றுக்குக் ‘கப்பலிலிருந்து’ என்று முத்திரை. மருத்துவர் காலென் இதை எழுதிவைத்திருக்கிறார். ஏதென்ஸ் நகரம் பாதுகாத்த மூன்று பெரும் நாடக ஆசிரியர்களின் மூலப் பிரதியை எகிப்து மன்னர் மூன்றாம் தாலமி 15 தாலந்து வெள்ளி ஈடு வைத்துக் கடன் வாங்கினார். ஏறத்தாழ 390 கிலோ வெள்ளி. பிறகு அழகான பிரதியை அனுப்பிவிட்டு, ஈட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இது சரியா என்று பிள்ளைகளைப் பேசவிடுங்கள்.

பதில் 3: களிமண் பலகை

மேலே சொன்னது எல்லாம் அருமைங்க. ஆனா இரண்டு அமர்வு இருக்கறதால, ரெண்டாவதை நினெவேக்குக் குடுங்கன்னு கேட்டுக்கறேன். அலெக்சாண்ட்ரியா நூலகத்தோட ஒரு சுருள்கூட இது அங்கிருந்து வந்ததுன்னு உறுதியாக் காட்ட இன்னிக்கு நம்மகிட்ட இல்லை. கட்டடமும் கிடைக்கலை. இணையத்துல வர்ற தூண் வரிசைப் படம் எல்லாம் கற்பனை, பிள்ளைங்ககிட்ட அதைச் சொல்லியே காட்டுங்க. அதைவிட 400 வருஷம் மூத்த நூலகம் ஒண்ணு கையில தொட்டுப் பாக்கற மாதிரி மிஞ்சியிருக்கு.

அசீரிய மன்னர் அசுர்பானிபால், கி.மு. 7ஆம் நூற்றாண்டு. தலைநகர் நினெவே, இன்னிக்கு ஈராக்கோட மோசுல் நகரத்துக்குப் பக்கத்துல. அவர் தனக்கே எழுதப் படிக்கத் தெரியும்னு பெருமையாச் சொல்லிக்கிட்ட அரசர். பாபிலோனியக் கோயில்கள்லேர்ந்தும் வீடுகள்லேர்ந்தும் களிமண் பலகைகளைத் தேடிக் கொண்டுவரச் சொன்னார். கி.மு. 612ல எதிரிகள் நகரத்தை எரிச்சாங்க. பாப்பிரஸா இருந்தா அத்தோட கதை முடிஞ்சிருக்கும். களிமண் சுட்டுக் கெட்டியாச்சு, இடிபாட்டுக்கு அடியில 2,400 வருஷத்துக்கு மேல கிடந்தது. 1850களை ஒட்டி அகழாய்வாளர்கள் லேயார்டும் ஹோர்முஸ்த் ரசாமும் தோண்டி எடுத்தாங்க. பலகையும் உடைஞ்ச துண்டுமா 30,000க்கு மேல இப்ப லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. கில்காமேஷ்ங்கற பழைய மெசபடோமிய வீரன் கதையில வர்ற பெருவெள்ளத்தை ஜார்ஜ் ஸ்மித் 1872ல இந்தத் துண்டுகள்லேர்ந்துதான் படிச்சார். அது 11ஆம் பலகை. இப்படித் தொடரா வர்ற பலகைகளோட கடைசியில இது எத்தனையாவது பலகை, அடுத்த பலகையோட முதல் வரி என்னன்னு எழுதியிருப்பாங்க. வரிசை கலைஞ்சாலும் திரும்ப அடுக்கலாம். பலகையை எடுத்துட்டுப் போறவனுக்குச் சாபமும் எழுதி வச்சிருக்காங்க, பிள்ளைங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

செய்முறை. ஃப்ரேசர் டவுன் பக்கத்துல பாட்டரி டவுன்ல பிசைஞ்ச களிமண் கேளுங்க. ஆளுக்கு 200 கிராம், 18 பேருக்கு 4 கிலோ வாங்கினா போதும். ஈரத்துணி சுத்தி பிளாஸ்டிக் பைக்குள்ள வச்சா ஒரு வாரம் தாங்கும். 8 செ.மீ. நீளம், 6 அகலம், 2 கனம். அதுக்கு மேல கனமாப் போனா வெளிப்பக்கம் காஞ்சு உள்ள ஈரம் நின்னு வெடிக்கும். எழுத, சதுர முனை உள்ள சாப்ஸ்டிக் நல்லது. கீறக் கூடாது, முனையோட மூலையைச் சாய்ச்சு அழுத்தி எடுக்கணும். அப்பதான் ஒரு பக்கம் அகலமும் ஒரு பக்கம் வாலுமா ஆப்பு விழும், அவங்க எழுத்தே இந்த ஆப்பு வடிவம்தான். கீறினா மண்ணு பிதுங்கி ஓரம் கட்டும். மண்ணு விரல்ல ஒட்டுதுன்னா ஈரம் அதிகம், 15 நிமிஷம் காத்தாட விடுங்க.

நிழல்ல 5 நாள் காயணும், மழைன்னா ஒரு வாரத்துக்கு மேலயும் ஆகும். தினமும் ஒரு தடவை திருப்பிப் போடுங்க, இல்லைன்னா ஓரம் மேல வளையும். வெயில்ல வச்சா விரிசல் விடும். தயவுசெஞ்சு வீட்டு அவன்லயோ அடுப்புலயோ சுட முயற்சி பண்ணாதீங்க. உள்ள ஈரம் இருந்தா ஆவியாகித் தெறிக்கும், கண்ணுல பட்டா பெரிய ஆபத்து. அதோட அந்தச் சூடு மண்ணைச் சுடவும் பத்தாது.

சுடாம நினெவேயைக் காட்ட ரெண்டு கிண்ணம் தண்ணி போதும். ஒண்ணுல காஞ்ச களிமண் துண்டு, இன்னொண்ணுல உடைஞ்ச பூந்தொட்டித் துண்டு. முதல்ல போட்டது கரைஞ்சு சேறாகும், ரெண்டாவது அப்படியே இருக்கும். ரெண்டும் ஒரே மண்ணுதான், தீ பட்டதுதான் வித்தியாசம்.

பதில் 4: நகலெடுப்பவர்

‘எரித்தது யார்’ என்பதற்கு ஒரு பெயரைப் பதிலாகத் தராதீர்கள். ஒரே இரவில் எல்லாம் எரிந்து உலகமே பின்தங்கிப் போனது என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. பலகையில் ஒரு கோடு இழுத்து இந்த ஆண்டுகளை மட்டும் வையுங்கள்.

கி.மு. 145: எகிப்து மன்னர் எட்டாம் தாலமி அறிஞர்களை நகரத்தைவிட்டு விரட்டினார். நூலகர் அரிஸ்டார்க்கஸ் சைப்ரஸுக்குப் போய்விட்டார். அதற்குப்பின் ஈட்டிப்படையைச் சேர்ந்த கைதாஸ் என்பவர் நூலகர் பொறுப்பில் இருந்ததாக ஒரு பாப்பிரஸ் பட்டியல் சொல்கிறது. எந்தத் தீயையும்விட எனக்கு இது பெரிய அடியாகப் படுகிறது.

கி.மு. 48: சீசர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வைத்த தீ கரைக்குப் பரவியது. சுருள்கள் எரிந்தன, ஆனால் நிறுவனம் அழியவில்லை. சில பத்தாண்டு கழித்து அங்கே தங்கிய புவியியலாளர் ஸ்டிராபோ, அறிஞர்கள் கூடி உண்ணும் மண்டபத்தோடு மியூசியத்தை (நூலகத்தோடு சேர்ந்த அறிஞர் மன்றம்) விவரிக்கிறார். கி.பி. 272ஐ ஒட்டி ரோமப் பேரரசர் அரேலியன் நடத்திய போரில் அரண்மனைப் பகுதி நாசமானது. 391இல் செராப்பிஸ் கோயிலை இடித்தார்கள். ஒருகாலத்தில் கிளை நூலகம் அதில்தான் இருந்தது. கலீபாவின் ஆணைப்படி சுருள்களைக் குளியலறை அடுப்பில் எரித்தார்கள் என்ற கதை, அரேபியர் நகரைக் கைப்பற்றி 500 ஆண்டுக்கும் மேலான பிறகுதான் எழுத்தில் தலைகாட்டுகிறது. எல்லா மதத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அதை உண்மைபோலச் சொல்லிவிடக் கூடாது.

இவை எதுவும் நடக்காவிட்டாலும் சுருள்கள் தங்கியிருக்காது. கடலோர ஈரக்காற்றில் பாப்பிரஸ் பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும். எகிப்தில் நமக்குக் கிடைத்தவை ஆக்சிரிங்கஸ் போன்ற உள்நாட்டு ஊர்களின் வறண்ட குப்பைமேடுகளில் கிடைத்தவை. ஒரு சுருள் 200 ஆண்டு தாங்கும் என்று வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்: 40,000 சுருள் என்றால் ஆண்டுக்கு 200 சுருளைப் புதிதாக எழுதியாக வேண்டும். 4 லட்சம் என்றால் 2,000. கூலி கொடுக்க அரசன் மறந்தால் நெருப்பே தேவையில்லை. ஓலைச்சுவடிக்கும் இதே நிலைதான். இன்று நாம் படிக்கும் சங்கப் பாட்டு எதுவும் முதலில் எழுதிய ஓலையிலிருந்து வரவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்து எழுதியவர்கள் வழியாக வந்தது.

இன்னொன்று சொல்லாமல் விட மனமில்லை. வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தில், முசிறிப் பயணத்துக்கு வாங்கிய கடன் ஒப்பந்தம். சரக்கு செங்கடலில் இறங்கி, பாலைவனம் தாண்டி, நைல் வழியாக அலெக்சாண்ட்ரியா போய்ச் சேர வேண்டும், 25 சதவீத வரி. மறுபக்கத்தில் ‘ஹெர்மப்போலன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கு, தந்தம் உட்பட. சேரநாட்டு முசிறிதான் அது. உலகப் படத்தில் இரண்டு ஊரையும் நூலால் இணைத்துக் காட்டுங்கள். பிள்ளைகள் அலெக்சாண்ட்ரியாவைத் தூரத்து ஊராக நினைக்க மாட்டார்கள்.

ஹொரமாவு வகுப்பு

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் ஞாயிறு சுருளும் அட்டையும், அடுத்தது களிமண் என்று பிரித்துவிட்டேன். ஒரு சந்தேகம்: கிண்ணத்தில் மண் கரைய எவ்வளவு நேரம் ஆகும்? அன்றே செய்த பலகையில் ஒரு துண்டைப் போடலாமா?

களிமண் பலகை

அன்னிக்குச் செஞ்சதைப் போடாதீங்க மேடம், அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. ஈரக் களிமண் தண்ணியில லேசுல கரையாது, மணிக்கணக்கா அப்படியே உக்காந்திருக்கும். நல்லா வறண்ட மண்ணுதான் தண்ணியைச் சட்டுனு இழுத்து, குமிழி விட்டு உதிரும். அதனால முந்தின ஞாயிறே 1 செ.மீ. கனத்துல நாலைஞ்சு வில்லை தட்டிக் காயவச்சிருங்க. கன்னத்துல வச்சுப் பாத்தா சில்லுனு இருக்கக் கூடாது, நிறமும் வெளுத்திருக்கணும். அப்படிக் காஞ்சதுன்னா 10லேர்ந்து 20 நிமிஷத்துல உதிர்ந்துடும். வகுப்பு தொடங்கறப்பவே கிண்ணத்துல போட்டு மேசை நடுவுல வச்சுட்டு, கையால கலக்காம விடுங்க. சேத்தை சிங்க்ல ஊத்தாதீங்க, குழாய் அடைக்கும், செடித்தொட்டியில ஊத்திடலாம்.